குதிரைக்குப் பெயர் இருக்கிறது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் மகளிர் தின விழாவுக்குச் சுவரொட்டி ஒன்று தேவைப்பட்டது. உடைந்த சங்கிலி, பறக்கும் புறா, காற்றில் கலையும் கூந்தல் எல்லாவற்றையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு நானே ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தேன். தக்காணத்து ஓவியம். குதிரைமேல் ஒரு பெண். கையில் வல்லூறு. கூடவே பணியாளர்கள் நடந்து வருகிறார்கள். பின்னால் மலையும் ஊரும். சாந்த் பீபி. படத்தின் கீழே ‘வரலாறு சாட்சி’ என்று இரண்டு சொற்களையும் நான்தான் எழுதினேன். கவிதை எழுதுகிறவளுக்கு இரண்டு சொற்களில் ஒரு விஷயத்தை முடித்துவிடும் கெட்ட பழக்கம் உண்டு.

சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவி கேட்டாள்: “அம்மா, இது அவங்க இருந்தப்பவே வரைஞ்சதா?”

யோசிக்காமல் “ஆமாம்மா” என்றேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் அது. காலம் ஏறத்தாழ 1700 என்று போட்டிருந்தது. சாந்த் பீபி இறந்து அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் சாட்சி என்று எழுதியது, சம்பவத்துக்கு நூறு வருடம் கழித்துப் பிறந்த ஒருவரின் வாக்குமூலம். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திருத்திச் சொன்னேன். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அது ஆறவில்லை. குதிரைமேல் ஒரு பெண்ணைப் பார்த்ததும் காலத்தைக்கூடக் கேட்காமல் நான் ஏன் நம்பினேன்? அந்தக் குதிரையில் அப்படி என்ன இருக்கிறது?

குதிரைமேல் அமர்ந்த அரசனின் படம் நம் அவை ஓவியங்களில் ஏறக்குறைய ஒரு முத்திரை. முகலாய அவையில் 1630ஐ ஒட்டிப் பயாக் என்ற ஓவியர் வரைந்த ஷாஜஹானை எடுத்துக்கொள்ளலாம். குதிரை பக்கவாட்டில் நிற்கிறது. அதன்மேல் பேரரசரின் முகமும் பக்கவாட்டில். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். ஐரோப்பியக் கிறித்தவப் படங்களைப் பார்த்து முகலாய ஓவியர்கள் எடுத்துக்கொண்டது அந்த வட்டம். ஏசுவுக்கும் மரியாளுக்கும் போட்டதைப் பேரரசருக்குப் போட்டார்கள். படத்தில் எதுவும் நிகழவில்லை. போர் இல்லை, பயணம் இல்லை. அவர் எங்கும் போகவில்லை. குதிரைமேல் இருக்கிறார், அவ்வளவுதான். அதுவே போதுமான செய்தியாக இருந்தது. முகலாய ஆட்சியில் ஓர் அதிகாரியின் மதிப்பை ஜாத், சவார் என்ற இரண்டு எண்களால் குறித்தார்கள். சவார் என்றால் குதிரைவீரன். எத்தனை குதிரைவீரரை நீ வைத்துக் காப்பாற்றவேண்டும் என்பதை வைத்து உன் இடத்தைச் சொல்லும் அரசு அது. அங்கே குதிரை வெறும் வாகனமல்ல, பதவிக் கணக்கு. அந்தக் கணக்கின் உச்சியில் இருப்பவனைக் குதிரைமேல் வரையாமல் வேறெங்கே வரைவது?

இந்த அச்சு அங்கிருந்து ராஜபுத்திர அவைகளுக்குப் போனது. உதய்பூரிலும் ஜோத்பூரிலும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குதிரைமேல் அரசர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு வேறுபாடு, கூட்டம் சேர்கிறது. குடை பிடிக்கிறவர், சாமரம் வீசுகிறவர், மயிற்பீலி ஏந்துகிறவர், சில படங்களில் குதிரையின் நடைக்கு ஈடுகொடுத்தபடி ஹூக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அரசர் புகைக்கிறார். கீழே ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. பணியாளர்கள் அளவில் சிறியவர்கள். குதிரையின் தோள் உயரத்துக்குக்கூட வராதவர்களும் உண்டு.

எனக்கு இந்தக் குதிரைகளைப் பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. மருதாணி பூசிச் சிவந்த கால்களும் வாலும், வில்லாக வளைந்த கழுத்து, ஓவியன் ஒரே கோட்டில் இழுத்து முடித்த வயிறு. ஆண்மையத்தைக் கட்டுடைக்க உட்கார்ந்த நான் அரைமணி நேரம் ஒரு குதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுண்டு. அரசர்களின் முகங்களைவிடக் குதிரைகளின் முகங்களில்தான் ஓவியர்கள் விளையாடியிருக்கிறார்கள் என்று தோன்றும். அரசன் முகத்தில் தவறு செய்ய முடியாதல்லவா?

மேவார் ஓவியங்களின் பின்பக்கத்தில் குறிப்புகள் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அரசன் பெயர், சிலவற்றில் ஓவியன் பெயர், ஆண்டு. அவற்றோடு குதிரையின் பெயரும். தனியே குதிரையை மட்டும் வரைந்து பெயரெழுதிய படங்களும் உண்டு. அவை உருவப்படங்கள்தாம். இந்தக் குதிரை, வேறெந்தக் குதிரையும் அல்ல என்று சொல்லும் படங்கள். இதே அரண்மனைகளின் அந்தப்புரத்தில் இருந்த பெண்களை அப்படி வரையவில்லை. அரசகுலப் பெண்களை நேரில் பார்த்து வரையும் வாய்ப்பு ஆண் ஓவியர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே அவர்கள் பெண் என்ற வகையை வரைந்தார்கள். நீண்ட கண், கூரிய மூக்கு, சன்னமான இடை. தோட்டத்தில் ஒருத்தி, ஜன்னலில் ஒருத்தி, மழையில் ஒருத்தி. எல்லாரும் அக்காள் தங்கைகள்போல இருப்பார்கள். தொழுவத்துக்குள் ஓவியன் போகலாம், அந்தப்புரத்துக்குள் போக முடியாது. குதிரைக்கு முகம் கிடைத்ததற்கும் அரசிக்குக் கிடைக்காமல் போனதற்கும் பின்னால் இந்த எளிய காரணமும் இருக்கிறது.

இந்தியப் பெண் உருவப்படங்களில் மிகவும் புகழ்பெற்றது எது என்று கேட்டால் கிஷன்கட்டில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நிஹால் சந்த் வரைந்ததாகச் சொல்லப்படும் ‘பணி டணி’யைத்தான் பலரும் சொல்வார்கள். தபால்தலையாகவும் வந்த முகம். ஆனால் பணி டணி பெயரல்ல. சிங்காரித்துக்கொண்டவள் என்று பொருள். செஞ்சியை ஆண்ட தேசிங்கும் புந்தேல ராஜபுத்திரன்தான். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டவன். நம் கதைப்பாடலில் அவன் குதிரைக்குப் பாராசாரி என்று பெயர். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டவர்கள் யாரும் அந்தப் பெயரை மறப்பதில்லை. அவனோடு தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் மனைவியை ராணிபாய் என்கிறோம். ராணி என்பதும் பாய் என்பதும் மரியாதைச் சொற்கள். இரண்டு மரியாதைகளைச் சேர்த்தால் ஒரு பெயர் ஆகிவிடுமா?

இனி சாந்த் பீபியிடம் போகலாம்.

அகமதுநகர் சுல்தானின் மகள். பிஜப்பூர் சுல்தானுக்கு மனைவி. கணவன் கொல்லப்பட்ட 1580க்குப் பிறகு சிறுவனாக இருந்த இரண்டாம் இப்ராஹிம் அடில்ஷாவுக்காகப் பிஜப்பூரில் ஆட்சிப் பொறுப்பு ஏற்றவள். பிறகு தாய்வீடான அகமதுநகரிலும் அதே பொறுப்பு. 1595இன் இறுதியில் அக்பரின் மகன் முராத் அகமதுநகர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது எதிர்த்து நின்றாள். கோட்டைச் சுவரின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவள் முகத்திரையோடும் உருவிய வாளோடும் அந்த இடிபாட்டில் வந்து நின்றாள் என்றும், இரவோடு இரவாகச் சுவரை எழுப்பவைத்தாள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். முகலாயர்கள் பேரார் பகுதியைப் பெற்றுக்கொண்டு உடன்படிக்கையோடு திரும்பினார்கள். அடுத்த முற்றுகையில், முகலாயரோடு பேசிக் கோட்டையை ஒப்படைக்கப்போகிறாள் என்ற பழியோடு சொந்தப் படையினரே அவளைக் கொன்றார்கள். 1600இல் கோட்டை விழுந்தது.

இந்த வாழ்க்கையில் படமாக வேண்டிய காட்சி எது? என்னைக் கேட்டால் அந்தச் சுவர். ராத்திரி, தீவட்டி, கல் சுமக்கிற ஆட்கள், சாந்து குழைக்கிறவர்கள், நடுவில் தரையில் நிற்கும் ஒரு பெண். ஆனால் அவள் பெயரில் நான் தேடிப் பார்த்த படங்களில் சுவர் இல்லை. 18ஆம் நூற்றாண்டுத் தக்காணத்தில் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் குதிரை, திரும்பத் திரும்ப வல்லூறு. போலோ ஆடும் சாந்த் பீபியும் உண்டு. முற்றுகையை எதிர்த்தவளை ஓய்வுநேரத்தில் வரைந்துகொண்டே இருந்தார்கள்.

காரணம் கைவேலையிலும் இருக்கிறது. அவை ஓவியர்கள் வார்ப்புப் படிகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மெல்லிய மான்தோலில் உருவத்தின் கோட்டைப் படியெடுத்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, தாளின்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் அடியில் புள்ளிகளாக உருவம் இறங்கும். சர்பா என்று அதற்குப் பெயர். கடையில் வாங்கிய கோல அச்சில் மாவைத் தட்டிப் பழகிய எவருக்கும் இது புரியும். இப்படிப் பட்டறையில் குதிரையும் சவாரிக்காரனும் தயாராக இருப்பார்கள், முகமும் உடையும் மாறும். அரசன் என்றால் இந்த அச்சு. அரசியை அரசாக வரையவேண்டும் என்று யாரோ கேட்டபோதும் கையில் இருந்தது இந்த அச்சுதான். பக்கவாட்டுக் குதிரை, கையில் பறவை, கூட ஓடும் ஆட்கள் என்று ஆண்களுக்குப் போட்ட எல்லாமே அவளுக்கும் வந்தன.

இந்தப் படங்களைப் பற்றி என் தோழிகளிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, பின்னால் வரைந்த கற்பனை, தூக்கிப் போடு என்பது. இன்னொன்று, காலத்தைப் பற்றி என்ன கவலை, நமக்கொரு படம் கிடைத்ததே என்பது. முதல் பேச்சு வறட்டுத்தனம். இரண்டாவது நான் சுவரொட்டியில் செய்தது. இரண்டுமே அந்த 1700 என்ற எண்ணைப் படிக்கவில்லை.

1700இல் தக்காணத்தில் என்ன இருந்தது? அகமதுநகர் அரசு போய் அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1686இல் பிஜப்பூர் ஔரங்கசீப்பிடம் விழுந்தது. 1687இல் கோல்கொண்டா. ஆதரித்த அவைகளெல்லாம் கலைந்த பிறகு, முகலாயர் ஆளும் மண்ணில், முகலாயரைச் சுவரில் நின்று தடுத்த ஒரு பெண்ணை யாரோ வரையச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, தலைமுறை தலைமுறையாக. அந்தப் படம் சாந்த் பீபிக்குச் சாட்சி அல்ல. அவளை விரும்பியவர்களுக்குச் சாட்சி. தோற்றுப்போன ஒரு நாட்டின் ஏக்கம் அவளைக் குதிரையில் ஏற்றியிருக்கிறது என்று படிக்கிறேன். ஏக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. முற்றுகையை நேரடியாக வரைந்தால் ஆள்பவனுக்கு உறுத்தும். வேட்டைக்குப் போகும் ராணி யாரையும் உறுத்தமாட்டாள். சொந்தப் படையினர் அவளைக் கொன்றதையும் அந்த அழகான வெளியில் எங்கும் வைக்க இடமில்லை. இன்றைக்கு நாம் கொண்டாடுகிற ராணிகள் பலரும் பளபளப்பான குதிரையில் வருகிறார்கள். அவர்களைக் கைவிட்டவர்கள் யார் என்பதைக் குதிரையின் பளபளப்பு மறைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் சுவரொட்டியில் அந்தப் படத்தை வெட்டிப் போட்டிருந்தேன். கூட வரும் பணியாளர்கள் பாதி உடலோடு போய்விட்டார்கள். குதிரையும் ராணியும் மட்டும் பெரிதாகத் தெரியட்டும் என்று வடிவமைத்தவரிடம் நானே சொன்னது. மேவார் ஓவியன் ஆட்களைச் சிறியதாக வரைந்தான், நான் அவர்களை அப்புறப்படுத்தினேன். யார் செய்தது மேல்?

உயிரோடிருந்த காலத்தில் அதிகாரத்தோடு வரையப்பட்ட அரசி இல்லையா என்றால் நூர்ஜஹான் இருக்கிறாள். ராம்பூர் ரஸா நூலகத்தில் உள்ள, அபுல் ஹஸன் வரைந்த படம். தலைப்பாகையும் ஆணுடையும்போல் தோன்றும் வேட்டை உடையுமாகக் கையில் நீண்ட துப்பாக்கியோடு நிற்கிறாள். புலிகளை அவள் சுட்டு வீழ்த்தியதைக் கணவன் ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்புகளில் பெருமையோடு எழுதினான். இந்தப் படத்தில் குதிரை இல்லை, ஒளிவட்டம் இல்லை, ஓடும் ஆட்கள் இல்லை. கவனம் முழுக்கத் துப்பாக்கியில் இருக்கிறது. படம் பார்ப்பவருக்காக அவள் நிற்கவில்லை, ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறாள். சுவரொட்டிக்கு இதைத்தான் எடுத்திருக்கவேண்டும் என்று பிறகு தோன்றியது. குதிரை என் கண்ணை மறைத்துவிட்டது.

குதிரைமேல் பெண் அதிகமாக வருவது வேறொரு காட்சியில். மாண்டுவின் கடைசி சுல்தான் பாஸ் பகதூரும் ரூப்மதியும். 1561இல் அக்பரின் படை மாளவத்துக்குள் வந்தபோது அவன் தப்பி ஓடினான். அவள் நஞ்சுண்டாள் என்பது மரபு. 18ஆம் நூற்றாண்டில் முகலாய நகரங்களிலிருந்து இமயமலையடிவாரம் வரைக்கும் இவர்களை இரவில் பக்கத்துப் பக்கத்துக் குதிரைகளில் வரைந்து தள்ளினார்கள். அழகான படங்கள், மறுக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், குதிரைகள் தாமாக வழி கண்டுபிடித்துப் போகும். ஆனால் படத்துக்குள் ரூப்மதிக்குப் போக ஓர் இடம் இல்லை. அவன் பக்கத்தில் இருப்பதுதான் அவள் போக்கு. அவன் ஓடிய அன்று அவள் குதிரை எங்கே இருந்தது என்று எந்த ஓவியனும் வரையவில்லை.

தமிழ் படித்தவளுக்குக் குதிரை என்றதும் மடல் நினைவுக்கு வராமல் போகாது. பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, காதலை ஊர் நடுவே அறிவிக்கிறவன் ஆண். பெண் மடலேறுதல் எந்தத் திணையிலும் இல்லை என்று தொல்காப்பியம் விதித்தது. கடலளவு காமம் இருந்தாலும் மடலேறாததே பெண்ணின் பெருமை என்று குறளும் சொல்லிவைத்தது. திருமங்கையாழ்வார் தன் இரு மடல்களிலும் பெண்குரலில் பேசி இந்த விதியை மீறினார். மீறியது பெண்குரல், பாடியது ஆண். நான் வகுப்பில் பலமுறை நடத்திய பகுதி இது. நடத்தும்போதெல்லாம் தாண்டிப்போன ஒரு சிறு விவரம் இந்த ஓவியங்களைப் பார்த்த பிறகு திரும்பி வந்தது. பிற்கால அகப்பொருள் மரபில் மடலேறுகிறவன் கையில் ஒரு கிழி இருக்கும். துணியில் எழுதிய அவள் உருவம். அந்தக் குதிரையில் பெண்ணும் போகிறாள், படமாக. அவளைக் கேட்காமல் அவன் எழுதிய படமாக. அது அவளைப் போலத்தான் இருந்ததா என்று எந்தத் தலைவியும் சொன்னதாகப் பாட்டில்லை.

படமாகப் போவதைவிட ஒரு படி மேலே போன கற்பனையும் உண்டு. ராஜஸ்தானத்திலும் தக்காணத்திலும் கிடைக்கும் சில ஓவியங்களில் சவாரி செய்கிறவன் கண்ணனாகவோ காமனாகவோ இளவரசனாகவோ இருப்பான். குதிரை முழுக்கப் பெண்களால் ஆனது. ஒருத்தி வளைந்து கழுத்தாகிறாள். இருவர் குனிந்து உடலாகிறார்கள். கால்கள் கால்களாகின்றன. ஒருத்தியின் பின்னல் வாலாகத் தொங்குகிறது. சிலர் கையில் வாத்தியம்கூட இருக்கும். நம் ஊரில் இதற்குப் பஞ்சநாரி துரகம் என்று பெயர். யானை என்றால் நவநாரி குஞ்சரம். நாயக்கர் காலத் தூண்களிலும் கோயில் தேர்களின் மரச்சிற்பங்களிலும் பார்க்கலாம். வழிகாட்டிகள் இதைக் காட்டாமல் நம்மை நகரவிடமாட்டார்கள். ‘எத்தன பொம்பளைங்கன்னு எண்ணிச் சொல்லுங்க பாப்போம்’ என்பார்கள். அது ஒரு புதிர் விளையாட்டு.

இதை வெறும் அவமதிப்பு என்று தள்ளிவிட்டால் படத்தைப் பார்க்கத் தவறிவிடுவோம். சிற்பிக்கு இங்கே பெண்ணுடலின் எடை தெரிந்திருக்கவேண்டியிருக்கிறது. அந்தப்புரத்துப் பெண்ணை வரைந்த ஓவியனுக்கு அது தேவைப்படவில்லை, அவள் பூமியில் எடையில்லாமல் நின்றாள். இந்தக் குதிரையின் பின்னங்காலாக இருப்பவளுக்கு முழங்கால் மடங்கியாகவேண்டும், பாதம் தரையில் அழுந்தியாகவேண்டும், முதுகு தாங்கியாகவேண்டும். இல்லையென்றால் குதிரை நிற்காது, மேலே இருப்பவன் விழுவான். அரசச் சவாரிப் படங்கள் சொல்லாமல் விட்டதை இந்த விளையாட்டுப் பொம்மை சொல்லிவிடுகிறது. சவாரி யார்மேல் நடக்கிறது என்பதை. அதையும் சிரித்த முகத்தோடு சொல்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

போன வருடம் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் பஞ்சநாரி துரகம் ஒன்று இருந்தது. கரும்புவில்லோடு மேலே மன்மதன். கை படும் உயரத்தில் இருந்த பெண்களின் முழங்கால்கள் தொட்டுத் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கேறி மின்னின. எல்லாரும் எண்ணினார்கள். நான்கு பேர்தான் கிடைத்தார்கள். ஒருத்தி கைப்பேசியில் படமெடுத்து, அதைக் குறுக்கும் நெடுக்கும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்து, வயிற்றுப்பக்கம் தலைகுனிந்திருந்த ஐந்தாவது முகத்தைக் கண்டுபிடித்தாள். “இங்க இருக்கா” என்று கத்தினாள். வாங்கிப் பார்த்தேன். ஐந்து முகமும் துல்லியமாக விழுந்திருந்தன. மேலே இருந்தவனைக் காணோம்.

“மன்மதன் எங்கடி?”

“அவரு வரலம்மா. அஞ்சு பேரும் விழணும்னு கிட்ட போயிட்டேன்.”